முன்னூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள்

சீனிச்சாமி பேச்சில் கஞ்சன். முப்பத்து நான்கு வருடம் போலீஸ் வேலை, அதில் இருபது வருடம் ஸ்டேஷன் ரைட்டர். ஊரார் சண்டையையும் சத்தத்தையும் கேட்டுக் கேட்டு எழுதி அவருக்குக் கைதான் ஓடும், வாய் ஓடாது. வீட்டில் ஒரு நாள் முழுக்க அவர் பேசுவதை ஒரு போஸ்ட் கார்டில் அடக்கிவிடலாம். அதிலும் பாதி, மனைவி வெள்ளத்தாயைக் கூப்பிடும் 'ஏட்டி'தான். காப்பி வேண்டுமென்றாலும் ஏட்டி, கண்ணாடியைக் காணோமென்றாலும் ஏட்டி. ஒன்றும் வேண்டாம், அவள் வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும் என்றாலும் ஏட்டிதான். எது எதற்கு என்று வெள்ளத்தாய்க்குத் தெரியும். அடுப்படியிலிருந்து காப்பி வரும், அல்லது கண்ணாடி வரும், அல்லது "இங்கனதான் இருக்கேன்" என்று பதில் வரும்.

அந்த மனிதருக்குப் போய்க் குரல்வளையில் புற்று வந்தது. ராஜபாளையத்தில் மூன்று மாதம் தொண்டைக் கரகரப்புக்கு மாத்திரை தின்றுவிட்டு, மதுரையில் போய்க் குழாய் விட்டுப் பார்த்தபோது டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். குரல்வளையை முழுசாக எடுக்க வேண்டும். உயிர் தப்பும், பேச்சு தப்பாது. பதினைந்து நாள் கழித்துத் தேதி கொடுத்தார்கள். ஊரில் எத்தனை வாயாடி இருக்கிறான், பேசவே பேசாத இந்த மனுசன்தான் கிடைத்தாரா என்று வெள்ளத்தாய் பஸ்ஸில் திருமங்கலம் வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். சீனிச்சாமி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்களுக்கு ஒரே மகள். சிவரஞ்சனிக்கு இருபத்தொன்பது வயது, பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பைத்தானில் புரோகிராம் எழுதும் வேலை. அழுது முடித்ததும் அவள் செய்த முதல் காரியம், கூடப் படித்த கல்பனாவுக்குப் போன் போட்டது. கல்பனா சென்னையில், ஒருவர் குரலை மெஷினுக்குப் பழக்கி அதே குரலில் பேச வைக்கிற வேலை பார்க்கிறாள். முன்னூறு வாக்கியம் சுத்தமாகப் பதிந்து கொடு, பிறகு அப்பா போனில் எதைத் தட்டினாலும் அவர் குரலிலேயே பேசும் என்றாள். சிவரஞ்சனிக்கு மூச்சு வந்தது. குரல்வளையை எடுத்துக்கொள்ளட்டும், குரலை நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்தாள்.

கல்பனா அனுப்பிய பட்டியல் ஒன்றுக்கும் உதவவில்லை. "மழைக்காலங்களில் ஆறுகள் பெருக்கெடுத்து ஓடுகின்றன" என்று சீனிச்சாமி வாசித்தது, கோர்ட்டில் வாக்குமூலம் வாசிப்பது மாதிரி இருந்தது. அதனால் அம்மாவும் மகளும் உட்கார்ந்து அவர் நிஜமாகப் பேசக்கூடியவற்றை எழுதினார்கள். "பிளவக்கல் டேம்ல தண்ணி தொறந்துட்டானா?" "சேத்தூர் பஸ்ஸு போயிருச்சா?" "ஏட்டி, மோட்டாரப் போட்டியா?" "எனக்குப் போதும், நீ சாப்பிடு." இப்படி முன்னூற்றுப் பன்னிரண்டு சேர்ந்தது. இம்புட்டு நான் ஒரு வருசத்துக்குப் பேச மாட்டேனே என்று சீனிச்சாமி சொன்னார்.

வீட்டில் வைத்துப் பதிய வழியில்லை. பக்கத்துக் கட்டிடத்தில் பேண்டேஜ் துணி ஓட்டும் பவர்லூம் தறிகள், விடிந்தால் சுவரே அதிரும். ஸ்ரீவில்லிபுத்தூரில் சீனிச்சாமியின் தங்கை கனகலட்சுமிக்குத் தெருவைத் தள்ளி ஒரு வீடு இருந்தது, மாடியில் ஒரு அறை காலியாகக் கிடந்தது. தினமும் காலையில் அப்பாவும் மகளும் பஸ் ஏறிப் போவார்கள். ஜன்னலுக்குப் போர்வை கட்டி, மைக்கை மேஜையில் வைத்து, லேப்டாப்பில் ஒவ்வொரு வாக்கியமாகக் காட்டுவாள். அவர் வாசிப்பார். நன்றாக வந்தால் பச்சைப் பொத்தான், இருமல் வந்தால் சிவப்புப் பொத்தான். புரோகிராம் முழுக்க அவளே எழுதியது.

முதல் நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அவர் வாசித்தது லேப்டாப்பின் வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்கில், ஒரு ஃபைலாக விழும், வேண்டாததைத் தள்ளுபடி என்று வேறொரு இடத்தில் ஒதுக்கும். சாயந்திரம் சீனிச்சாமி அந்தத் தள்ளுபடிப் பட்டியலைப் பார்த்துவிட்டார். நாற்பத்தொரு இருமல், வரிசை எண்ணோடு. ரைட்டருக்கு அது பொறுக்கவில்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல் இருபது வருடம் பொது நாட்குறிப்பு எழுதியவர் அவர்.

"இருமுனதெல்லாம் எதுக்கு பாப்பா மிச்சம் இருக்கணும்? நல்லது மட்டும் இருக்கட்டும். மத்தது இருந்த தடமே இருக்கக் கூடாது" என்றார். முதல் பத்து வாக்கியத்தையும் அழித்துவிட்டு மறுநாள் புதிதாக ஆரம்பிக்கச் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். பதிந்ததைத் தான் ஆஸ்பத்திரிக்குள் போகிற வரைக்கும் யாரும் போட்டுக் கேட்கக் கூடாது. ஆள் உட்கார்ந்திருக்கும்போதே அவன் குரலைப் பெட்டியிலிருந்து கேட்பது செத்தவனுக்குச் செய்வது, உயிரோடு இருப்பவனுக்குச் செய்வதில்லை என்று அவருக்கு ஒரு எண்ணம். கல்பனாவுக்கும் அப்போதுதான் அனுப்ப வேண்டும். சிவரஞ்சனி சரியென்று தலையாட்டினாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கும் அதைக் கேட்கத் தைரியமில்லை. அப்பா பேரில் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொண்டாள்.

இரவோடு இரவாக இல்லை, மறுநாள் பஸ்ஸில் போகும்போதே மடியில் லேப்டாப்பை வைத்துப் புரோகிராமை மாற்றினாள். வட்டுக்குப் போகாமல் கணினியின் மெமரிக்குள்ளேயே ஒரு ஃபைலைத் திறக்கலாம். அது ஃபைல் மாதிரியே நடந்துகொள்ளும். எழுதலாம், படிக்கலாம், அடுத்தவரிடம் கொடுக்கலாம். ஆனால் மூடினால் போச்சு, இருந்ததற்கு அடையாளமே கிடையாது. அப்பா கேட்டது அதுதானே. அவர் வாசிப்பதை அந்த மெமரி ஃபைலில் வாங்கிக்கொள்ள வேண்டியது. சிவப்பு என்றால் அப்படியே மூடிவிட வேண்டியது. பச்சை என்றால் அதிலிருந்து வட்டுக்கு நகல் எடுத்துவிட்டு மூட வேண்டியது. ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் மாற்றி முடித்துவிட்டாள்.

நகல் எடுப்பதற்கு முன்னால் எழுத வேண்டிய ஒரு வரியை மட்டும் அவள் எழுதவில்லை.

ஃபைல் என்று ஒன்றைத் திறந்தால் அதற்குள் ஒரு விரல் இருக்கும். எழுத எழுத அந்த விரல் நகர்ந்துகொண்டே போகும், எழுதி முடித்த இடத்தில் நிற்கும். படி என்று சொன்னால் விரல் நிற்கும் இடத்திலிருந்துதான் படிக்கும். அதனால் படிப்பதற்கு முன் விரலை முதலுக்குக் கொண்டுவர வேண்டும். பழைய புரோகிராமில் வட்டு ஃபைலை மூடித் திறந்ததால் விரல் தானாகவே முதலுக்கு வந்துவிட்டது. மெமரி ஃபைலை மூட முடியாது, மூடினால் குரல் போய்விடும். ஆகவே அது திறந்தபடியே, விரல் கடைசியில் நின்றபடியே நகலுக்குப் போனது. கடைசிக்குப் பிறகு என்ன இருக்கும்? ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததை மெஷின் மிகுந்த பொறுப்போடு நகல் எடுத்து, பெயர் வைத்து, 'சேமிக்கப்பட்டது' என்று பச்சையில் காட்டியது. பிழை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன மாதம்தான் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒருவனை இதே தப்புக்காக எல்லார் முன்னாலும் திட்டியிருந்தாள்.

பதினோரு நாள் அவர் வாசித்தார். தொண்டை வலித்தால் வெந்நீர் குடித்துவிட்டு வாசித்தார். ஒரு வாக்கியத்தை ஒன்பது தடவை வாசித்த நாளும் உண்டு. ஆயுளில் பேசியதைவிட அந்தப் பதினோரு நாளில் அதிகம் பேசினார் என்று கனகலட்சுமி சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். கடைசி நாள் முன்னூற்றுப் பன்னிரண்டு என்று எண்ணிக்கை வந்ததும், "எல்லாம் பத்திரமா இருக்குல்ல பாப்பா?" என்று கேட்டார். இருக்கிறது என்றாள். முன்னூற்றுப் பன்னிரண்டு பெயரும் வரிசையாகத் திரையில் இருந்தன. அவள் பெயர்களைத்தான் பார்த்தாள்.

ஆபரேஷன் அன்று காலை எட்டு மணிக்கு அவரை உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது வெள்ளத்தாயைப் பார்த்து, "ஏட்டி, பசியோட கெடக்காத" என்றார். கதவு சாத்தியதும் சிவரஞ்சனி வராந்தாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக் கல்பனாவுக்கு அனுப்பினாள். பத்தே முக்காலுக்குக் கல்பனா கூப்பிட்டாள்.

"ரஞ்சி, ஃபைலுக்குள்ள ஒண்ணும் இல்ல. முந்நூத்திப் பன்னெண்டும் ஜீரோ பைட்" என்றாள். "ஒரிஜினல் எங்க இருக்கு?"

ஒரிஜினல் எங்கேயும் இல்லை. லேப்டாப்பைத் திறந்து புரோகிராமைப் பார்த்ததும் நாலாவது நிமிடத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. விடுபட்ட வரி எந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டவே முடிந்தது. எழுந்து தியேட்டர் கதவுக்கு ஓடினாள். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்த நர்ஸிடம், ஒரு அரை மணி நேரம் மட்டும் நிறுத்தச் சொல்ல முடியுமா, அப்பா கொஞ்சம் பேச வேண்டும் என்றாள். கேட்கும்போதே அது எத்தனை பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தெரிந்தது. நர்ஸ் நல்ல பெண். கோபப்படாமல், அதை எடுத்தாகிவிட்டது, இப்போது தையல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றாள்.

சிவரஞ்சனி சுவரோரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன பாப்பா, என்னாச்சு?" என்று பின்னாலிருந்து அப்பா கேட்டார்.

திரும்பினால் சித்தப்பா பாண்டிச்செல்வம் கையில் டீயோடு நின்றார். சேத்தூரில் குடும்ப நிலத்தைப் பார்த்துக்கொள்பவர், அப்பாவுக்கு ஏழு வயது இளையவர். அண்ணன் தம்பி குரல் ஒன்றுபோல இருக்கும் என்பது குடும்பத்தில் பழைய வேடிக்கை. போனில் பேசினால் பாண்டிச்செல்வத்தின் சொந்தப் பெண்டாட்டியே ஏமாந்துபோவாள். வெள்ளத்தாய் மட்டும் ஒரு நாளும் ஏமாந்ததில்லை. அவர் ஹலோ சொல்லி முடிப்பதற்குள், "சொல்லுங்க தம்பி" என்றுவிடுவாள்.

மறுநாள் சீனிச்சாமி கண் விழித்தார். கழுத்தில் ஓட்டை, அதில் குழாய். மூச்சு அது வழியாகப் போய் வந்தது. பேப்பர் வேண்டுமென்று கையைக் காட்டி, ரைட்டர் கையெழுத்தில் கோணாமல் எழுதினார்: 'குரல் அனுப்பிட்டியா?' சிவரஞ்சனி அந்தப் பேப்பரைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அந்தத் தலையாட்டலை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவே முடியவில்லை.

மிச்சம் மீதி தேடிப் பார்க்காமலில்லை. கல்யாண வீடியோக்கள், பழைய போன்கள், சொந்தக்காரர்களின் வாட்ஸப் எல்லாம் அலசினாள். மேளச் சத்தத்துக்கு நடுவே "இலையப் போடு" என்று ஒரு தடவை, யாரோ பிறந்தநாளில் "போதும் போதும்" என்று ஒரு தடவை. பேசாத மனிதரின் குரலை எங்கே போய்த் தேடுவது? கல்பனா இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டாள். டாக்டர் கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றைக் காட்டினார். அது வண்டு பறக்கிற மாதிரி ரீங்கரித்தது. சீனிச்சாமி கையெடுத்துக் கும்பிட்டு, எனக்குத்தான் என் குரல் இருக்கே என்று எழுதிக் காட்டினார்.

அதற்கு மேல் சிவரஞ்சனி யோசிக்கவில்லை. சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவர், நான் பேசுகிறேன் பாப்பா, அண்ணனுக்குத் தெரியவா போகுது என்றார். அது நிஜம். எவனுக்கும் அவன் குரல் வெளியிலிருந்து எப்படிக் கேட்கும் என்று தெரியாது. ரெக்கார்டில் கேட்டால் யாரோ மாதிரித்தான் இருக்கும்.

மறுபடியும் ஸ்ரீவில்லிபுத்தூர் மாடி, மறுபடியும் போர்வை கட்டிய ஜன்னல். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டுக் கேட்டு வாங்கினாள். ஒரு இடத்தில் சித்தப்பா நின்றுவிட்டார். திரையில் "ஏட்டி, மோட்டாரப் போட்டியா?" என்று இருந்தது.

"மதினிய நான் எப்படிம்மா ஏட்டிங்க முடியும்?" என்றார். "எங்க அம்மா செத்த பொறவு எனக்குச் சோறு போட்டவிய. இத என் வாயால சொல்ல மாட்டேன்."

அப்படிப் பதினாலு வாக்கியம் இருந்தது. பரவாயில்லை சித்தப்பா, விட்டுருங்க என்றாள் சிவரஞ்சனி. குரல் கிடைத்துவிட்டால் சொல்லாத வார்த்தையையும் மெஷின் சொல்லிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்துச் சீனிச்சாமி ராஜபாளையம் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார வைத்துப் போனைக் கையில் கொடுத்தாள். தட்ட வேண்டியது, கீழே உள்ள பொத்தானை அமுக்க வேண்டியது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். அடுப்படிப் பக்கம் பார்த்துப் பொத்தானை அமுக்கினார்.

"ஏட்டி, காப்பி போட்டுட்டியா?" என்றது போன்.

அடுப்படியில் வெள்ளத்தாய் சட்டென்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து, "இந்தா வாரேன் தம்பி" என்றாள்.

சீனிச்சாமிக்குச் சிரிப்பு. சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்து, 'இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் ஏமாந்திருக்கா' என்று தட்டிக் காட்டினார். வெள்ளத்தாய் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். சிவரஞ்சனி பின்னாலேயே போனாள். அம்மா குழாயைத் திறந்துவிட்டுவிட்டு, தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் மெதுவாகக் கேட்டாள். இது சேத்தூர் தம்பி குரல்தானே என்றாள். ஆமாம் என்று சொல்லி, நடந்த அனைத்தையும் சொன்னாள் மகள்.

"நீ வேணும்னேவா செஞ்ச?" என்றாள் வெள்ளத்தாய். திட்டவில்லை. "அவியளுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா ஒடைஞ்சு போவாக. நான் பழகிக்கிடுதேன்."

அவளால் பழக முடியவில்லை. மதினி என்றும் வாங்க போங்க என்றும் முப்பது வருடமாகக் கூப்பிட்ட குரல், காலையில் எழுந்ததிலிருந்து அவளை ஏட்டி என்றது. முதுகு தேய்த்துவிடச் சொன்னது. பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னது. புருஷன்தான் கூப்பிடுகிறார் என்று மனசுக்குத் தெரியும், உடம்பு கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கை தானாக முந்தானைக்குப் போனது. இரண்டு வாரத்தில் அவள் வேலையைக் கொல்லைப்புறமாக மாற்றிக்கொண்டாள். அம்மி அங்கே, அரிவாள்மனை அங்கே. காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தாள்.

சிவரஞ்சனி தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் மெஷின் விழுங்கிவிடும்படி புரோகிராமில் ஒரு வரி சேர்த்தாள். சீனிச்சாமி ஏட்டி என்று தட்டி அமுக்கினார், போன் பேசாமல் இருந்தது. மறுபடி அமுக்கினார். ஐந்து தடவை அமுக்கிவிட்டு, போனைக் காதோடு வைத்துப் பார்த்துவிட்டு, 'ரிப்பேர் ஆயிட்டு பாப்பா' என்று எழுதி அவளிடம் நீட்டினார். அவர் முகத்தைப் பார்த்து அவளால் தாங்க முடியவில்லை. உடனே அந்த வரியை எடுத்துவிட்டாள்.

வெள்ளத்தாய்க்குக் காது மந்தம் என்று கேள்விப்பட்ட சீனிச்சாமி சத்தத்தைக் கூட்டினார். அது போதாமல் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி மாட்டச் சொன்னார். தறிச் சத்தத்தையும் தாண்டித் தெருவுக்கே கேட்டது. வெள்ளத்தாய் கொல்லையில் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படி ஒரு நாள் மத்தியானம் பாண்டிச்செல்வம் அண்ணனைப் பார்க்க வந்தார். தோட்டத்துத் தேங்காய் நாலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். சீனிச்சாமிக்குத் தம்பியைக் கண்ட சந்தோஷம். வேகமாகத் தட்டி அமுக்கினார்.

"ஏட்டி வெள்ளத்தாயி, தம்பிக்குச் சோறு வையி" என்று பாண்டிச்செல்வத்தின் குரல் வீடு அதிரக் கூப்பிட்டது.

பாண்டிச்செல்வம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டார், பேசியது தன் வாய் இல்லை என்று தெரிந்தும். வெள்ளத்தாய் இலையோடு வாசல்படி வரைக்கும் வந்து, தலையைத் தூக்காமல் நின்றாள். பஸ்ஸுக்கு நேரமாகுது மதினி என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார், வந்தது மோட்டார் சைக்கிளில். அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. போன் செய்தால் மகளிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவார்.

சீனிச்சாமி கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுவதைக் குறைத்தார். ரைட்டர் வேலை பார்த்தவருக்கு யார் எதை மறைக்கிறார்கள் என்று தெரியாதா? ஆனால் அவர் போட்டுக்கொண்ட கணக்கு வேறு. ஒரு சாயந்திரம் சிவரஞ்சனியைக் கூப்பிட்டுப் பேப்பரைக் காட்டினார். 'உங்கம்மா என்கிட்ட வாரதில்ல. தம்பியும் வாரதில்ல. கழுத்து ஓட்டையப் பாத்து அருவருப்பா?' என்று எழுதியிருந்தது. நடுக்கமில்லாத அழகான கையெழுத்து.

சிவரஞ்சனி உடைந்துபோனாள். பொய் போதும் என்று தோன்றியது. அம்மாவையும் கொல்லையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார வைத்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். ஸ்டேஷனில் வாக்குமூலம் வாங்குகிற மாதிரி அவர் குறுக்கே குறுக்கே எழுதிக் கேட்டார். என்றைக்கு, எந்த இடத்தில், எப்படி. மெமரி ஃபைலைப் பற்றியும் விரலைப் பற்றியும் சொன்னதை இரண்டு தடவை கேட்டார். கடைசியில், 'எழுதி முடிச்ச நோட்ட முதல் பக்கத்துக்குத் திருப்பாம நகல் எடுத்துட்ட. அம்புட்டுதான?' என்று எழுதினார். அம்புட்டுதான்ப்பா என்றாள். அவர் அவள் தலையில் கையை வைத்தார். அடித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு வெள்ளத்தாயைப் பார்த்தார். போனை எடுத்து, வெகுநேரம் யோசித்து ஒரே ஒரு வரி தட்டினார். சத்தத்தை நன்றாகக் குறைத்துக்கொண்டு அமுக்கினார்.

"அப்ப என் குரல் எப்படி இருக்கும்?" என்று கேட்டது தம்பியின் குரல்.

வெள்ளத்தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இம்முறை அவள் கை முந்தானைக்குப் போகவில்லை. "சொல்லுதேன், செத்த இருங்க" என்று கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. அவர் காத்திருந்தார். கழுத்துக் குழாயில் மூச்சு போய் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

"வர மாட்டேங்குதுங்க" என்றாள். "நீங்க பேசுனதெல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா எத நெனச்சாலும் தம்பி கொரல்லதான் கேக்குது."

சீனிச்சாமி மகளைப் பார்த்தார். சிவரஞ்சனி ஸ்ரீவில்லிபுத்தூர் மாடியை நினைத்தாள், வெந்நீரை நினைத்தாள், பத்திரமா இருக்குல்ல பாப்பா என்று அவர் கேட்டதை நினைத்தாள். அவளுக்குள்ளும் சித்தப்பாதான் கேட்டார்.